நோபல் பரிசும் எங்கள் வகுப்பின் கோடுகளும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் பள்ளியின் தகவல் பலகையில் நோபல் பரிசு பெற்றவர்களின் பெயர்களை எழுதுவோம். பெயர், நாடு, துறை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். வினாடி வினாவுக்கு உதவும் என்று பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அடுத்த வாரம் பலகை துடைக்கப்படும்.

2021 அக்டோபரிலும் அப்படித்தான் எழுதினேன். கொரோனா காலத்துக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகள் மட்டும் நடந்துகொண்டிருந்த நேரம். இயற்பியல் பரிசுக்கு நேராக 'சிக்கலான அமைப்புகள் பற்றிய ஆய்வு' என்று எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பலகையின் முன் நின்று கேட்டாள்: "டீச்சர், சிக்கலான அமைப்புன்னா என்ன? இதுல இவங்க என்ன கண்டுபிடிச்சாங்க?"

இருபது ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். அந்த 'நாளை' வரச் சில வாரங்கள் ஆயின. அவளுக்காகப் படிக்கத் தொடங்கியது, பின்னர் என் வகுப்பை நான் பார்க்கும் விதத்தையே மாற்றியது. அதில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பரிசு எதற்காக?

2021-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டனர். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சியுகுரோ மனாபே, ஜெர்மனியின் கிளாஸ் ஹாசல்மன் ஆகிய இருவருக்கும் சேர்த்து ஒரு பாதி. இத்தாலியின் ஜார்ஜியோ பாரிசிக்கு மறு பாதி.

மனாபே செய்தது மிக எளிமையான ஒரு தொடக்கம். காற்று மண்டலம் முழுவதையும் கணக்கிடக் கணினிக்கு வலுவில்லாத காலம் அது. அவர் தரையிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒரே ஒரு செங்குத்துத் தூணாகக் காற்றை எடுத்துக்கொண்டார். 1967-இல் ரிச்சர்ட் வெதரால்டுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், கரியமில வாயு இரு மடங்கானால் தரையின் வெப்பநிலை சுமார் 2.3 டிகிரி செல்சியஸ் உயரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

ஹாசல்மன் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. வானிலை நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுகிறது. அப்படியிருக்க, நூறு ஆண்டுக் காலநிலையைப் பற்றி எப்படிப் பேச முடியும்? இதைப் பிள்ளைகளுக்கு நான் நம் வருகைப் பதிவேட்டைக் கொண்டு விளக்குகிறேன். திங்கள்கிழமை 36 பேர், செவ்வாய் மழையால் 29 பேர், ஊர்த் திருவிழா அன்று 18 பேர் என்று தினசரி வருகை ஏறி இறங்கும். ஆனால் பத்தாண்டுப் பதிவேடுகளை அடுக்கிப் பார்த்தால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். தினசரி ஏற்ற இறக்கம் சேர்ந்து சேர்ந்து மெதுவான மாற்றங்களை எப்படி உண்டாக்குகிறது என்பதை ஹாசல்மன் 1970-களில் கணித முறையில் காட்டினார். இயற்கையாக நிகழும் மாற்றத்தையும் மனிதரால் நிகழும் மாற்றத்தையும் பிரித்தறியும் வழிகளையும் உருவாக்கினார்.

பாரிசியின் ஆய்வுதான் எனக்குக் கடினமாக இருந்தது. செம்பில் இரும்பு அணுக்களைச் சிறிதளவு சிதறலாகக் கலந்தால், ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம்போல் நடந்துகொள்ளும். அருகில் உள்ள ஒன்று அதை ஒரு பக்கம் திரும்பச் சொல்லும். மற்றொன்று எதிர்ப்பக்கம் திரும்பச் சொல்லும். இருவரையும் திருப்திப்படுத்த அதனால் முடியாது.

இதற்கு வகுப்பறையிலேயே உதாரணம் இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத மூன்று பிள்ளைகள், பெஞ்சு இரண்டுதான். எப்படி உட்கார வைத்தாலும் ஒத்துப்போகாத இருவராவது ஒரே பெஞ்சில் வந்துவிடுவார்கள். 38 பேர் கொண்ட வகுப்பை இரண்டு பக்கமாகப் பிரிக்க எத்தனை வழிகள்? பக்கத்துக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு இல்லையென்றால் 2-இன் அடுக்கு 38. அதாவது 27 ஆயிரம் கோடிக்கும் மேல்! அவற்றுள் எல்லோருக்கும் பிடித்த ஒரே ஒரு வழி இருக்காது. ஏறத்தாழ ஒரே அளவு நல்லவையாகப் பல வழிகள் இருக்கும். இத்தகைய குழப்பத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு மறைந்திருப்பதை 1979-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசி கணிதத்தால் கண்டறிந்தார்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அவர் பங்கேற்ற பறவை ஆய்வுதான். ரோம் நகரில் குளிர்கால மாலைகளில் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங் பறவைகள் வானில் சுழன்று பறக்கும். இவை நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை. (குளிர்காலத்தில் நம் பக்கம் கூட்டமாக வரும் சூறைக்குருவியும் இந்தக் குடும்பம்தான்.) தலைவன் யாரும் இல்லாமல் அத்தனை பறவைகள் எப்படி ஒன்றாகத் திரும்புகின்றன? கட்டடத்தின் கூரையிலிருந்து ஒரே நேரத்தில் பல கேமராக்களால் படமெடுத்து, ஒவ்வொரு பறவையின் இடத்தையும் கணக்கிட்டார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: ஒரு பறவை முழுக் கூட்டத்தையும் கவனிப்பதில்லை. தனக்கு அருகிலுள்ள ஆறு ஏழு பறவைகளையே கவனிக்கிறது. அவை ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தாலும் சரி, இன்னும் தள்ளி இருந்தாலும் சரி, எண்ணிக்கை ஏறத்தாழ மாறுவதில்லை.

காலநிலை, காந்த அணுக்கள், பறவைகள் என்று மூன்றும் வெவ்வேறாகத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே. ஒரு பறவையைப் பிடித்து எவ்வளவு ஆராய்ந்தாலும் கூட்டம் திரும்பும் விதம் விளங்காது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள தொடர்பைப் பார்த்தால்தான் விளங்கும். அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

புள்ளிகளும் கோடுகளும்

தொடர்புகளை மட்டும் தனியே எடுத்துப் படிப்பது வலைப்பின்னல் அறிவியல். ஆளோ, ஊரோ, உயிரினமோ எதுவானாலும் ஒரு புள்ளி. தொடர்பு இருந்தால் ஒரு கோடு. அவ்வளவுதான் அடிப்படை.

இதன் தொடக்கமாக 1736-ஐச் சொல்வார்கள். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை கடந்து வர முடியுமா என்ற புதிருக்கு, நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் கருதும் வழியில் கணிதமேதை ஆய்லர் 'முடியாது' என்று நிறுவினார். 1959, 1960-ஆம் ஆண்டுகளில் ஹங்கேரியைச் சேர்ந்த பால் எர்டோஷ், ஆல்ஃபிரெட் ரெனி இருவரும் புள்ளிகளைக் குலுக்கல் முறையில் இணைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். கோடுகளின் எண்ணிக்கை புள்ளிகளில் பாதியைத் தாண்டும் கட்டத்தில், சிதறிக் கிடந்த சிறு துண்டுகள் சட்டென்று ஒட்டி ஒரு பெரிய கூட்டம் உருவாகத் தொடங்குகிறது என்று கண்டார்கள். 1998-இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் ஆகியோரும், 1999-இல் பராபாசி, ரேகா ஆல்பர்ட் ஆகியோரும் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு இத்துறை வேகமாக வளர்ந்தது.

இத்துறையின் இளம் ஆய்வாளர்களைச் சிறப்பிக்கத் தனிப் பரிசு ஒன்று உண்டு. வலைப்பின்னல் அறிவியல் சங்கம் 2012 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழங்கும் எர்டோஷ்–ரெனி பரிசு அது. 2017-இல் அதைப் பெற்ற விட்டோரியா கொலிசா, தொற்றுநோய் மனிதத் தொடர்புகளின் வழியே எப்படிப் பரவுகிறது என்று ஆராய்பவர். 2018-இல் பெற்ற டேனியல் பேசெட், மூளையின் பகுதிகளுக்கு இடையேயான இணைப்புகளை ஆராய்பவர். 2020-இல் பெற்ற சோனியா கெஃபி, உயிரினங்களுக்கு இடையேயான உறவுகளை ஆராயும் சூழலியலாளர். நோய், மூளை, காடு என்று மூன்றும் வேறு வேறு. ஆனால் மூவரும் வரைவது புள்ளிகளையும் கோடுகளையும்தான்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். ஓர் அறிவியல் நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. மனாபேயோடு கட்டுரை எழுதிய வெதரால்டின் பெயர் எங்கள் பலகையில் இல்லை. கூரையில் நின்று பறவைகளைப் படமெடுத்த குழுவினரின் பெயரும் இல்லை. எர்டோஷ் தம் வாழ்நாளில் சுமார் 1,500 கட்டுரைகளை எழுதினார். அவற்றில் அவரோடு இணைந்து எழுதியவர்கள் 500 பேருக்கும் மேல். பரிசு புள்ளிகளுக்குத் தரப்படுகிறது. வேலையோ கோடுகளின் வழியே நடக்கிறது. பரிசு பெற்றவரின் பெருமை இதனால் குறையாது. ஆனால் பெயரை மட்டும் சொல்லிக்கொடுக்கும்போது, அறிவியல் தனி ஒருவர் செய்யும் மாயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

பி.எட்.-இல் நாம் வரைந்த படம்

இவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது பழக்கமான ஒரு பெயர் குறுக்கிட்டது: மொரீனோ! கல்வி உளவியல் பாடத்தில் 'சமூக அளவியல்' என்று நாம் எல்லோரும் படித்ததுதான். வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார விரும்புகிறாய் என்று கேட்டு, விடைகளை அம்புக்குறிகளாக வரையும் சமூக வரைபடம். செய்முறைப் பதிவேட்டுக்காக நானும் ஒன்று வரைந்தேன். மதிப்பெண் வந்ததும் மறந்துவிட்டேன்.

ஜேக்கப் மொரீனோ 1930-களில் நியூயார்க்கில் பள்ளிக் குழந்தைகளிடம் இந்த ஆய்வைச் செய்தவர். சிறுவர்களுக்கு முக்கோணம், சிறுமிகளுக்கு வட்டம் என்று குறியிட்டு வரைந்தார். 1934-இல் அவற்றை நூலாக்கினார். அவரோடு இணைந்து உழைத்த ஹெலன் ஹால் ஜென்னிங்ஸின் பெயர் நான் படித்த பி.எட். பாடநூலில் இல்லை. வலைப்பின்னல் அறிவியலின் வரலாற்றில் இந்தப் படங்கள் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. உலக அளவில் பரிசளிக்கப்படும் ஓர் அறிவியலின் வேர்களில் ஒன்று வகுப்பறையில் இருக்கிறது. நம் கையிலும் அது ஒருமுறை இருந்தது.

எங்கள் வகுப்பின் படம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பின் 38 பேரிடமும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொன்னேன். "கணக்குப் புரியலைன்னா வகுப்புல யார்கிட்ட கேட்பீங்க? மூணு பேர் வரைக்கும் எழுதலாம்." அன்று இரவு பெயர்களுக்குப் பதில் எண்களை இட்டு, அம்புக்குறிகளை வரைந்தேன்.

முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவனை நோக்கி மூன்று அம்புகள்தான் வந்தன. 17-ஆம் எண்ணை நோக்கிப் பதினொன்று! மதிப்பெண்ணில் நடுவில் இருக்கும் மாணவி அவள். எந்த ஆண்டு விழாவிலும் பரிசு வாங்கியதில்லை. வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அவளிடம் கணக்குக் கற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

31-ஆம் எண்ணை நோக்கி ஓர் அம்பும் வரவில்லை. அவன் எழுதிய சீட்டும் வெறுமையாக இருந்தது. ஜூலையில் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பையன். 'அமைதியானவன், தொல்லை இல்லாதவன்' என்றுதான் அவனைப் பற்றி நினைத்திருந்தேன்.

இனி என் தவறு. படம் அழகாக வந்த மகிழ்ச்சியில், 'நம் வகுப்பின் வலைப்பின்னல்' என்று தலைப்பிட்டுச் சார்ட்டில் வரைந்து சுவரில் மாட்டினேன். எண்கள்தானே இருக்கின்றன, பெயர்கள் இல்லையே என்று நினைத்தேன். பிள்ளைகள் அரை நாளில் எண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்த சொல்லையே எடுத்து அவனைத் 'தனிப்புள்ளி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

காரணம் தெரிந்ததும் சார்ட்டைக் கழற்றினேன். மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுப்பா, உன்னோடது இல்ல" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மாதான் பேசினார். வீட்டிலிருந்து பள்ளிக்கு நேரப்படி ஒரே பேருந்துதான். காலை எட்டே காலுக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிடும். மாலையில் மணி அடித்த உடனே ஓடினால்தான் திரும்பும் பேருந்து கிடைக்கும். மற்றவர்கள் ஒன்பது மணிக்கு வந்து, மாலையில் விளையாடிவிட்டுப் போகிறவர்கள். நட்பு வளரும் அந்த இரண்டு வேளையிலும் அவன் அங்கே இல்லை. அவனுடைய குணத்தில் குறை தேட வேண்டியதில்லை. அவன் இருந்த இடம் அப்படி. புள்ளியை ஆராயாமல் தொடர்பைப் பார் என்று பலகைக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த நானே அதைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் முதல் காலை எட்டரைக்குக் கணக்குப் பயிற்சி வைத்தேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று வகுப்புக்கே பொதுவாகச் சொன்னேன். அவனுக்காக என்று சொல்லவில்லை. பள்ளிக்கு அருகில் வசிக்கும் 17-ஆம் எண் மாணவியும் நான்கைந்து பேரும் வந்தார்கள். வகுப்பு முழுவதற்கும் இருக்கைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். ஜனவரியில் அதே கேள்வியை மீண்டும் கேட்டேன். 31-ஐ நோக்கி இரண்டு அம்புகள் வந்திருந்தன. அவன் சீட்டிலும் இரண்டு பெயர்கள் இருந்தன. அவன் இன்றும் அமைதியானவன்தான். ஆனால் வகுப்பில் அவனுக்குக் கோடுகள் இருக்கின்றன.

நீங்கள் செய்ய விரும்பினால்

சமூக வரைபடத்தை வரையும்போது இவற்றை மறக்க வேண்டாம். 'யாரைப் பிடிக்கும்' என்பதைவிட 'யாரிடம் உதவி கேட்பாய்' என்பது போன்ற கேள்வி நல்லது. 'யாரைப் பிடிக்காது' என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. சீட்டுகளை ஆசிரியர் மட்டுமே பார்க்க வேண்டும். எண்ணிட்டாலும் படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது. மாற்றங்களை ஒரு குழந்தைக்கென்று செய்யாமல் வகுப்பு முழுவதற்கும் செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து வரைய விரும்பினால் மனிதர்களை விட்டுவிட்டு, ஊர்களையும் பேருந்துத் தடங்களையும், அல்லது பாடநூலில் உள்ள உணவு வலையையும் வரையலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு விளையாட்டு. மைதானத்தில் ஒவ்வொரு குழந்தையும் மனத்துக்குள் வேறு இருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். யார் என்று சொல்லக் கூடாது. அந்த இருவரிடமிருந்தும் சம தூரத்தில் நிற்க முயல வேண்டும். ஒருவர் நகர்ந்தால் கூட்டமே நகரும். முடிந்ததும், "யார் சொல்லி எல்லோரும் நகர்ந்தீங்க?" என்று கேளுங்கள். பறவைக் கதைக்கு அது நல்ல தொடக்கம்.

நடுநிலை வகுப்புகளுக்கு ஏழு பாலப் புதிர். கையெடுக்காமல், போட்ட கோட்டின்மேல் மறுபடி போகாமல் எந்த உருவங்களை வரையலாம், எவற்றை வரைய முடியாது என்று பட்டியலிடச் செய்யலாம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் புள்ளிகளை எண்ணச் சொன்னால், அவை இரண்டுக்கு மேல் போனால் வரைய முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கம்பிக் கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் இதில் முந்துவார்கள்.

உயர்நிலை வகுப்புகளுக்கு எர்டோஷ்–ரெனியின் ஆய்வையே செய்யலாம். தாளில் 20 புள்ளிகள், டப்பாவில் 1 முதல் 20 வரை எண்ணிட்ட சீட்டுகள். இரண்டு சீட்டை எடுத்து அந்தப் புள்ளிகளை இணைத்துவிட்டுச் சீட்டுகளை மீண்டும் டப்பாவில் போட வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் மிகப் பெரிய கூட்டத்தில் எத்தனை புள்ளிகள் என்று எழுதி வரைபடம் போட வேண்டும். பத்துக் கோடுகளைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழுவுக்குக் குழு விடை சற்று மாறும். எல்லாக் குழுக்களின் சராசரியை எடுத்தால் அதுவே புள்ளியியல் பாடம்.

கடந்த ஆண்டு விழாவில், தலைமையாசிரியரிடம் பேசி, சக மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தந்தவர்களுக்கு என்று ஒரு பரிசைச் சேர்த்தோம். பரிசு சிறிய தொகையில் வாங்கிய அகராதிதான். 17-ஆம் எண் மாணவி மேடையேறி அதை வாங்கிக்கொண்டாள்.

தகவல் பலகையிலும் இப்போது மூன்று கட்டங்கள் இல்லை, ஐந்து இருக்கின்றன. பெயர், நாடு, துறைக்குப் பின் 'அவர்கள் கேட்ட கேள்வி', 'உடன் உழைத்தவர்கள்' என்று இரண்டைச் சேர்த்திருக்கிறோம். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் பிள்ளைகள் அதிகம் தேட வேண்டியிருக்கிறது. வரும் அக்டோபரில் உங்கள் பள்ளிப் பலகையிலும் அந்த இரண்டு கட்டங்களை வரைந்து பாருங்கள்.